ஜூலை லீவுக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கே போகலாம்? (ரெண்டு பிள்ளைங்க + மாமியார்)

ஈரோட்டுக்காரி (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்காரர் இங்கே பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை (பாமாயில்) ஆலையில் இன்ஜினியர். நானும் பிள்ளைங்களும் அவர் வேலையை வச்சுக் குடுக்கற டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கோம். மகளுக்கு பதினொண்ணு, பையனுக்கு ஆறு. ரெண்டு பேரும் ஈப்போவில் இன்டர்நேஷனல் ஸ்கூல், ஜூலைல லீவு. அதே சமயம் ஊர்ல இருந்து மாமியார் வர்றாங்க. சைவம். முட்டி வலி, படி ஏற முடியாது. ஆனா ஊர் சுத்தறதுல மட்டும் எங்க யாருக்கும் சளைக்க மாட்டாங்க.

லீவு விட்டா கேஎல் (கோலாலம்பூர்), விட்டா பினாங்குன்னே ஓட்டிட்டோம். டுவின் டவர் முன்னாடி நின்னு எடுத்த போட்டோவுக்கே தனி ஆல்பம் போடலாம். இந்தத் தடவை மலேசியாவுக்கு வெளியே ஒரு நாடாவது காட்டுன்னு மகள் ஒத்தக்கால்ல நிக்கறா. தாய்லாந்துல ஹாட்யாய், சிங்கப்பூர், இந்தோனேசியாவுல மேடான்-தோபா ஏரின்னு மூணு யோசனை ஓடுது. எல்லாருக்கும் இந்தியன் பாஸ்போர்ட். கார் கம்பெனி கார். அவருக்குச் சேர்ந்தாப்ல அஞ்சு நாள் லீவு கிடைச்சா அதுவே அதிகம். பழம் வந்துட்டே இருக்கும், ஆலை நிக்காதுங்களே. குடும்பத்தோட போனவங்க சொல்லுங்க.

சிப்புட் பையன்

ஹாட்யாய் போங்க அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு! நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு வெளிநாடுன்னாலே ஹாட்யாய்தான் லா. வெள்ளிக்கிழமை ராத்திரி இங்க வேன் ஏறினா காலைல பசியாற அங்க. சாயந்தரம் கிளோங் ஹே மிதக்கும் சந்தை, ராத்திரி மசாஜ், ஞாயித்துக்கிழமை ராத்திரி வீடு. வேன் ஆளுங்களே பார்டர் பேப்பர் எல்லாம் பார்த்துக்குவாங்க.

வாணி டீச்சர் (கோலகங்சார்)

முட்டி வலிக்காரம்மாவை ராத்திரி முழுக்க வேன்ல உட்கார வைக்கச் சொல்றியே தம்பி. அதோட "பேப்பர் எல்லாம் பார்த்துக்குவாங்க"ன்னு சொல்றது நம்ம மலேசிய பாஸ்போர்ட்டை மனசுல வச்சுத்தான். இவங்களோடது இந்தியன் பாஸ்போர்ட். போன வருஷ லீவுல எங்க தெருவுல ஒரு குடும்பம் இப்படித்தான் ஏஜென்ட்டை நம்பிப் போய், பார்டர்ல இறங்கி நின்னு அவங்களே போன்ல பாரம் தட்டினாங்க. வேன் காத்திருக்காம முன்னாடி போயிடுச்சு.

ஈரோட்டம்மா, ஹாட்யாய்தான்னு முடிவாச்சுன்னா ரயில்ல போங்க. சுங்கை சிப்புட் ஸ்டேஷன்லயே இடிஎஸ் எக்ஸ்பிரஸ் ரயில் நிக்குது. எல்லை ஊரான பாடாங் பெசார் வரைக்கும் மூணு மணி நேரம் மாதிரி. பாடாங் ரெங்காஸ் தாண்டினதும் பெராப்பிட் சுரங்கம், மூணு கிலோமீட்டருக்கு மேல நீளம். உங்க பையன் கண்டிப்பா கத்துவான். தைப்பிங் கழிஞ்சு கொஞ்ச நேரத்துல ரயில் புக்கிட் மேரா ஏரிக்கு நடுவுல போகும், ரெண்டு பக்கமும் தண்ணி. ஜன்னல் சீட்டை மாமியாருக்குக் குடுங்க.

பாடாங் பெசார்ல இறங்கினா ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் அதே ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ள. முடிச்சுட்டு தாய்லாந்து ஷட்டில் ரயில்ல ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள ஹாட்யாய். ஒண்ணு மட்டும் கவனம், ஷட்டில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான். அதோட தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னாடி. டிக்கெட்ல போட்டிருக்கிறது எந்த நாட்டு நேரம்னு பார்க்காம பிளாட்பாரத்துல உட்கார்ந்து சண்டை போடற குடும்பம் லீவுக்கு லீவு இருக்கு.

பாஸ் கணக்கு

ஆலைகளுக்கு விசா, பாஸ் வேலை செஞ்சு கொடுக்கிறது என் தொழில். அதனால ஊர் அழகை மத்தவங்க சொல்லட்டும், நான் காகிதத்தைச் சொல்றேன்.

சிங்கப்பூர்: இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்கணும். மலேசிய பாஸ் இருந்தாலும் விலக்கு கிடையாது. மாமியாருக்கும் சேர்த்து எடுக்கணும்னா அவங்க வர்றதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிங்க.

தாய்லாந்து: 2024 ஜூலையில இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தாங்க. இந்த விதி மாறக்கூடியது, அதனால டிக்கெட் போடற அன்னிக்குத் திரும்ப ஒரு தடவை பாருங்க. 2025 மே 1லிருந்து டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும். காசு கிடையாது. காசு கேக்கிற தளம் வந்தா மூடிட்டு வெளியே வாங்க.

இந்தோனேசியா: இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கி எடுக்கற விசா (விசா ஆன் அரைவல்) உண்டு, ஆளுக்கு 5,00,000 ரூபியா, 30 நாள். குழந்தைக்கும் அதே கட்டணம். ஆன்லைன்ல முன்னாடியே எடுத்தா கவுண்டர் வரிசை மிச்சம்.

பலரும் மறந்துபோறது மாமியார் விஷயம்தான். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாஸ் இருக்கு, போயிட்டு வரலாம். அவங்க வர்றது 30 நாள் விசா விலக்குல. வெளியே போய்த் திரும்பி வந்தா புது நுழைவு. எம்டேக் பாரத்தை (மலேசியாவோட டிஜிட்டல் வருகை அட்டை) மறுபடி போடணும், ஊருக்குத் திரும்பற டிக்கெட்டைக் கையில வச்சிருக்கணும். கவுண்டர்ல கேட்டா பதட்டப்படாம "மகன் இங்க வேலை செய்றான்"னு சொல்லி மகனோட பாஸைக் காட்டினாப் போதும். அஞ்சு பாஸ்போர்ட்டுலயும் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடி இருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

கம்பெனி காரை தாய்லாந்துக்கு எடுக்கணும்னா கம்பெனியோட அனுமதிக் கடிதம், கிராண்ட் (வண்டிப் பதிவுப் பத்திரம்) நகல், அங்கத்திய இன்ஷூரன்ஸ், எல்லைப் பாரங்கள் எல்லாம் வேணும். அஞ்சு நாள் லீவுக்கு அவ்வளவு தேவையில்ல.

ஈரோட்டுக்காரி

பாஸ் கணக்கு அண்ணே, மகராசனா இருங்க. மாமியார் விஷயம் என் மூளைக்கே எட்டல. சிங்கப்பூரை இப்பவே அடிச்சுட்டேன்.

கோவை டு தெலுக் இந்தான்

நானும் உங்க கேஸ்தான் சிஸ்டர், தோட்டத்து வேலை, குடும்பத்தோட இருக்கேன். ஒரு ஆதங்கம் இருக்கு, இங்க கொட்டிக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகாம உள்ளூர்லயே சுத்தலாம்னா, எந்த டிக்கெட் கவுண்டர்ல நின்னாலும் ரெண்டு விலைப்பலகை. மைகாட் (மலேசியர் அடையாள அட்டை) இருந்தா ஒண்ணு, இல்லேன்னா ஒண்ணு. இங்க வரி கட்டறோம், வாடகை கட்டறோம். ஆனா மிருகக்காட்சி சாலை வாசல்ல நாங்க நேத்து ஏர்போர்ட்ல இறங்கின டூரிஸ்ட். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து பெட்ரோலும் அப்படித்தான். பக்கத்து பம்ப்ல மைகாட் தட்டறவருக்கு 1 வெள்ளி 99 காசு, எனக்குச் சந்தை விலை. குடும்பத்தோட ரெண்டு எடம் பார்த்தாலே பட்ஜெட் பல்லைக் காட்டுது.

சிப்புட் பையன்

அண்ணே கோச்சுக்காதீங்க. எங்க அப்பாவை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போனோம். வேட்டி, நெத்தியில திருநீறு, பேசறது உங்களவிட சுத்தத் தமிழ். கவுண்டர்ல பாஸ்போர்ட்டைப் பார்த்துட்டு 600 ரூபா வாங்கினாங்க. கூட வந்த அப்பாவோட பெரியப்பா மகனுக்கு 40. ரெண்டு பேரும் ஒரே தாத்தா பேரன் லா! அப்பா உள்ள போய் அஞ்சு ரதத்தைப் பார்க்கவே இல்ல. "என் தாத்தா வெட்டின கல்லா இருக்கும், எனக்கே 600ஆ"ன்னு வர்ற வழியெல்லாம் புலம்பிட்டு வந்தாரு.

கோவை டு தெலுக் இந்தான்

சரி தம்பி, சரண்டர். 😄

கிராணி மகன் (சுங்கை சிப்புட்)

இந்த இழையை மருமகள் படித்துக் காட்டினாள். நான் எழுபதைத் தாண்டியவன், இந்த வட்டாரத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்தவன். அப்பா தோட்டக் கிராணி (குமாஸ்தா).

ஈரோட்டுப் பெண்ணுக்கு ஒன்று சொல்கிறேன். வேறு நாட்டிலிருந்து வந்து, தோட்டத்தில் பெரிய வீட்டில் இருந்து, லீவுக்கு எங்கே போவதென்று தவித்த குடும்பங்களை இந்த ஊர் நூறு வருஷமாகப் பார்க்கிறது. அந்தக் காலத்தில் அது தொரை குடும்பம். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஹோம் லீவு, கப்பலில் சீமைக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். நடுவில் உடம்பு சூடு தாங்காமல் போனால் தைப்பிங் மேலே மெக்ஸ்வெல் மலை, இல்லையென்றால் கேமரன் மலை. பிள்ளைகளைச் சீமைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, லீவுக்கு அவர்கள் வருவதை எதிர்பார்த்துக்கொண்டு தொரைசானி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார் என்று அப்பா சொல்வார்.

அந்த வாழ்க்கை சொகுசு மட்டும் அல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் தோட்ட நிர்வாகத்து வெள்ளைக்காரர் மூவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீண்டது. அந்த வருஷங்களில் தொரைமாருக்கு உல்லாசப் பயணம் ஏது? ஈப்போவுக்குச் சாமான் வாங்கப் போவதே துப்பாக்கிக் காவலோடுதான். தொழிலாளிகளை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள், அவர்களுக்கு ஆற்றங்கரைக்குப் போவதே பெரும்பாடு.

எங்களுக்கு லீவு என்றால் மாசி மகத்துக்குப் பங்கோர் தீவு பத்திரகாளியம்மன் கோயில். லோரி பிடித்து லூமுட் வரை போய், அங்கிருந்து படகு. கடலை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

வாணி டீச்சர்

ஐயா தொரைமாரைப் பத்தி எடுத்ததால சொல்றேன். பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்கு மாமியாரைக் கூட்டிட்டுப் போகாம இருந்துடாதீங்க. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர்ல சம்பாதிச்சவர், பெண்டாட்டி பிள்ளைகளுக்காக 1915 வாக்கில் கட்ட ஆரம்பிச்ச மாளிகை. கட்டினவங்க மெட்ராஸ்ல இருந்து வந்த நம்ம ஆளுங்க. வேலை நடக்கும்போது விஷக்காய்ச்சல் பரவி ஆளுங்க செத்தாங்க. மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் குடுங்கன்னு கேட்டாங்க, அவரும் கட்டிக் குடுத்தார். 1926ல லிஸ்பன்ல நிமோனியாவுல செத்துப்போனார். சம்சாரம் பிள்ளைங்க திரும்பி வரல, மாளிகை அரைகுறையா நின்னுடுச்சு.

இப்ப அங்க போற பாதிப் பேரு பேய்க்கதை கேக்கத்தான் போறாங்க. எனக்கு அதுல ஈடுபாடு இல்ல. பக்கத்துல அந்த மாரியம்மன் கோயில் இருக்கு. நிமிர்ந்து கூரையைப் பாருங்க, சாமி சிலைகளுக்கு நடுவுல தொப்பியும் கோட்டும் போட்ட வெள்ளைக்காரர் நிப்பார். உங்க மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. கோட்டைக்குள்ள படி நிறைய. மாமியாரைக் கோயில்ல உட்கார வச்சுட்டு நீங்க மட்டும் போங்க.

லூனாஸ்காரி (கெடா)

யாருமே மேடானைப் பத்திப் பேசலையே! நான் குடும்பத்தோட போயிட்டு வந்தவ, அடிச்சுச் சொல்றேன், தோட்டத்துல வளர்ந்தவங்க ஒரு தடவை பார்த்தே ஆகணும்.

பினாங்குல இருந்து பிளேன் ஏறினா தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவாங்க. அவ்வளவு பக்கம். மேடான்லயும் மணி நமக்கு ஒரு மணி பின்னாடி. குவாலானாமு ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள ரயில் இருக்கு. ஊருக்கு நடுவுல கம்போங் மெட்ராஸ்னு ஒரு வட்டாரம், அங்க 1884ல கட்டின மாரியம்மன் கோயில். ஏன்னா டச்சுக்காரன் மேடானைச் சுத்தியிருக்கிற டெலி பக்கம் புகையிலைத் தோட்டம் போட்டப்ப அங்கயும் நம்ம ஆளுங்களைத்தான் இறக்கினான். இங்க வெள்ளைக்காரன் ரப்பருக்கு இறக்கின மாதிரியேதான். ஒரே கடல், ரெண்டு கரை, ரெண்டு தொரை.

ஆனா இங்க நமக்குத் தமிழ்ப் பள்ளி இருந்துச்சு. அங்க அப்படி நிலைக்கல. கோயில்ல ஒரு பாட்டி எங்கிட்ட தமிழ்ல பேசினாங்க, பேத்தி இந்தோனேசிய மொழியிலதான் பதில் சொன்னா. அந்தப் பொண்ணு தேவாரத்தை ரோமன் எழுத்துல எழுதி வச்சுப் பாடினா. சுருதி சுத்தம். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

அன்னை வேளாங்கண்ணி கோயில்னு ஒண்ணு, 2005ல திறந்தது. தூரத்துல இருந்து பார்த்தா கோபுரம் வச்ச கட்டடம், கிட்டப் போனா மாதா. எந்த மதமா இருந்தாலும் பாருங்க.

சிப்புட் பையன்

ஹாட்யாய்ல ஷாப்பிங் இருக்கு, மேடான்ல என்ன இருக்கு?

லூனாஸ்காரி

தோபா இருக்கு தம்பி. பேராக் மாநிலத்துல எந்தக் குளத்தைக் காட்டி நீ வாய் பிளந்தாலும் அந்த ஏரிக்கு முன்னாடி மூடிடுவ.

வரலாற்று வாத்தியார் (லெங்கோங்)

தோபா என்ற பேரைப் பார்த்ததும் நுழைந்துவிட்டேன். அனுமதி கேட்கவில்லை.

தோபா ஏரி ஓர் எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது, மனித இனம் பூமியில் வந்தபிறகு நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டியபின் மலை உள்வாங்கிவிட்டது, அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் ஏரி. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30. நடுவில் சமோசிர் தீவு, அடியிலிருந்து நிலம் மறுபடி மேலெழும்பியதால் வந்தது.

அந்தச் சாம்பல் எங்கே போனது? கடலுக்கு மேலாகப் பறந்து இந்தியா வரை போய் விழுந்தது. ஆந்திரத்தில் ஜுவாலாபுரம் என்ற ஊரில் அந்த அடுக்கைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். இன்னொரு பங்கு இங்கே, உங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில், லெங்கோங் கோத்தா தம்பானில் விழுந்தது. அங்கே கல்லாயுதம் செய்துகொண்டிருந்த மனிதர்களின் பட்டறைமேல் படிந்த சாம்பல் அது. அந்த இடத்தின் காலத்தைக் கணிக்கவே அந்தச் சாம்பல்தான் உதவியது. லெங்கோங் பள்ளத்தாக்கை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. குகையில் கிடைத்த பேராக் மனிதனும் இந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன்தான், பத்தாயிரம் ஆண்டுக்கும் மூத்த எலும்புக்கூடு.

அதனால் என் யோசனை: போவதற்கு முந்தின வாரம் ஒரு சனிக்கிழமை லெங்கோங் காட்சியகத்துக்கு வாருங்கள். மகளுக்கு முதலில் சாம்பலைக் காட்டுங்கள், பிறகு அது கிளம்பின இடத்தைக் காட்டுங்கள். குகைகளுக்குப் போகப் படியும் வழுக்கலும் உண்டு. மாமியார் காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஈரோட்டுக்காரி

வாத்தியாரய்யா, இதை மகளுக்குப் படிச்சுக் காட்டினேன். "அப்போ நம்ம ஊருக்கும் அந்தச் சாம்பல் வந்திருக்குமா"ன்னு மேப்பை எடுத்து வச்சுட்டா. ஹாட்யாய் அதோட அவுட்டுங்க. மன்னிச்சுக்க தம்பி.

அப்புறம் ஒரு சங்கதி. மாமியார் நேத்து போன்ல கேட்டது ஏரியும் இல்ல, கோட்டையும் இல்ல. "அங்க ரப்பர் மரத்துல பால் எடுப்பாங்களாமே, அதைக் காட்டுவியா?"ன்னு கேக்கறாங்க. எங்க ஆலையைச் சுத்தி கண்ணுக்கெட்டுன தூரம் செம்பனைதான். இங்க இன்னும் யாராச்சும் வெட்டறாங்களா?

கிராணி மகன்

வெட்டுகிறார்கள் அம்மா. தோட்டக் கம்பெனிகள் செம்பனைக்கு மாறினாலும், தனியார் சிறு தோட்டங்களில் பால் மரம் இன்னும் இருக்கிறது. என் மச்சினன் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இருக்கிறது. அழைத்துப் போகிறேன், ஆனால் விடிவதற்கு முன் வரவேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். முந்தின இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் அன்று வெட்டு கிடையாது, பால் வழிமாறிப் பட்டையெல்லாம் ஓடி வீணாகும்.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள். நேற்று வெட்டின கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் இழுத்து உரிக்கவேண்டும், ரப்பர் வளையம்போல நீண்டு வரும். பையனிடம் கொடுங்கள், விளையாடுவான். பிறகு அதே சரிவில் ஒரு சீவல், காகிதக் கனத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சீவின உடனே வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்து, ஒன்றாகச் சேர்ந்து, தகரத்து வழியே மங்குக்குள் இறங்கும். முதல் சொட்டு இறங்கும் வரை என் அம்மா அடுத்த மரத்துக்கு நகரமாட்டார்.

கொசு அதிகம். முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். வரும் வழியில் கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தையும் காட்டிவிடலாம். 1877இல் வந்த கன்றுகளில் ஒன்று என்கிறார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது, மைகாட்டும் கேட்கமாட்டார்கள்.

கோவை டு தெலுக் இந்தான்

ஐயா, நாங்களும் வரலாமா? குடும்பம் நாலு பேர்.

கிராணி மகன்

வாருங்கள். தெலுக் இந்தானிலிருந்து என்றால் முந்தின இரவே வந்து எங்கள் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள்.

வாணி டீச்சர்

சாப்பாட்டைப் பத்தி யாரும் சொல்லலையே. தோபா பக்கம் பாத்தாக் இன மக்களோட ஊர்கள்ல பன்றியும் மீனும்தான் பிரதானம். சைவம் கிடைக்கும், ஆனா கேட்டு வாங்கணும். காடோ-காடோ (கடலைச் சாந்து ஊத்தின காய்கறி) சொன்னா முட்டையும் இறால் கெரோப்போக்கும் (இறால் அப்பளம்) வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. சம்பல்ல டெராசி இருக்கும், அது நம்ம பெலாச்சான்தான், இறால் விழுது. தெம்பேயும் (புளிக்க வச்ச சோயாக் கட்டி) தாகூவும் (நம்ம தவ்வு, டோஃபு) எங்கயும் கிடைக்கும். ஒரு சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் எடுத்துட்டுப் போங்க, மாமியாருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

லூனாஸ்காரி

குளிருக்குச் சால்வை மறக்காதீங்க. ஏரியே கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேல இருக்கு. மேடான்ல இருந்து ஏரிக்கரை ஊரான பராப்பாட் நாலஞ்சு மணி நேரம், டிரைவரோட வண்டி எடுங்க, நீங்களே ஓட்ட நினைக்காதீங்க. பராப்பாட்ல இருந்து சமோசிருக்குப் படகு. படகுல ஏற இறங்க ஒரு எட்டு பெருசா வைக்கணும், மாமியார் கையைப் பிடிச்சுக்குங்க.

ஈரோட்டுக்காரி

போயிட்டு வந்துட்டோமுங்க! ஆகஸ்ட் வந்துடுச்சு, ஸ்கூல் பேக் தேடறதுக்கு நடுவுல எழுதறேன்.

லெங்கோங் போனோம். மகள் அந்தச் சாம்பலைப் பார்த்துட்டு "இவ்வளவுதானா, சிமெண்ட் மாதிரி இருக்கு"ன்னா. ஆனா தோபாவுல ஹோட்டல் வாசல்ல நின்னு ஏரியோட அக்கரை எங்கேன்னு தேடினப்ப, அவளே தம்பிக்கு எல்லாம் விளக்கினா. வாத்தியாரய்யா, நீங்க சொன்னதை அப்படியே, கொஞ்சம் மசாலா சேர்த்து.

மாமியார் ஏரியைப் பார்த்துட்டு, "நம்ம மேட்டூர் டேம் ரொம்புனா இப்படித்தான் இருக்கும்"னாங்க. வீட்டுக்காரர் "அம்மா, இது எரிமலை"ன்னாரு. "எதுவா இருந்தா என்ன, தண்ணி தண்ணிதானே"ன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டாங்க. சமோசிர் தீவுல அம்பரித்தாங்கற ஊர்ல பழைய ராஜா பஞ்சாயத்துக் கல் நாற்காலிகள் இருக்கு. முட்டி வலிக்காரங்க உட்கார அதைவிட நல்ல இடம் அந்தத் தீவுலயே இல்லைன்னு சொன்னா காவல்காரர் விடணுமே!

விசாவை ஆன்லைன்லயே எடுத்துட்டுப் போனோம், அதனால குவாலானாமுல வரிசை இல்ல. திரும்பி பினாங்குல இறங்கினப்ப மாமியாரைக் கேள்வி கேட்டாங்க. பாஸ் கணக்கு அண்ணே சொன்னபடி டிக்கெட், எம்டேக், மகனோட பாஸ் மூணையும் நீட்டினோம். முத்திரை விழுந்துடுச்சு.

மேடான் கோயில்ல மாமியார் அந்த ஊர் அம்மா ஒருத்தங்ககூட ஒரு மணி நேரம் பேசினாங்க. பாதி தமிழ், பாதி கை ஜாடை. என்ன பேசினீங்கன்னு கேட்டா, "அவ மருமகளும் அவளுக்கு முன்னாடி சாப்பிட்டுடறாளாம்"ன்னு என்னைப் பார்த்துட்டே சொல்றாங்க.

பால் வெட்டப் போனதுதான் கதை. முதல் தடவை மழை, வெட்டு இல்ல. ரெண்டாவது தடவை கிடைச்சுது. கிராணி மகன் ஐயா வீட்டம்மா கத்தியைக் கையில குடுத்து எங்க மாமியாரை ஒரு மரம் சீவ விட்டாங்க. கோணலாப் போச்சு. "இந்த மரத்துக்கு ஈரோட்டு மரம்னு பேரு வச்சுட்டோம்"னு ஐயா சிரிச்சார்.

சிப்புட் பையன்

சூப்பர் அக்கா. டிசம்பர்ல எங்க வீட்லயும் தோபா போலாம்னு பேச்சு. டிசம்பர் நல்லா இருக்குமா?

பாஸ் கணக்கு

தம்பி, டிசம்பர் வேணாம். 2025 நவம்பர் கடைசியில ஹாட்யாய் வெள்ளத்துல நம்ம ஆளுங்க ஹோட்டல் மாடியில மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கில்ல? அதே வாரம்தான் வட சுமத்ராவுலயும் வெள்ளம், மண்சரிவு, ரோடே போச்சு. வருஷக் கடைசியில ரெண்டு பக்கமும் மழைக்காலம். மார்ச் லீவுக்குத் தள்ளு. உனக்கு விசாவும் வேணாம், பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சு வச்சாப் போதும்.

சிப்புட் பையன்

மார்ச்னா அப்பாவை ஒத்துக்க வைக்கணும். அக்கா, அந்த வண்டி டிரைவர் நம்பர் கொஞ்சம் போடுங்களேன்.

ஈரோட்டுக்காரி

பொதுவுல போட வேண்டாம் தம்பி, அவருகிட்ட கேட்டுட்டு உனக்குத் தனி மடல்ல அனுப்பறேன். அவருக்கு மலாய் நல்லாப் புரியும். வழியில புகை பிடிக்க நிறுத்துவாரு, அதுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வச்சுக்க.